சுவருக்கு வளைகாப்பு

மரகதம் தை மாதத்தில் கண்ணை மூடினாள். மாசி பிறந்ததும் அவள் வீட்டுக் கீழறையின் பின்சுவருக்கு மசக்கை கண்டது.

அந்த மலையூரில் அடுக்குச்சந்து என்று ஒரு தெரு. மற்றத் தெருக்களைப் போல நீண்டு படுத்திருக்கும் தெரு அல்ல, ஏணியைப் போல எழுந்து நிற்கும் தெரு. ஒருவர் வீட்டு வாசலும் அடுத்தவர் வீட்டுக் கூரையும் ஒரே உயரத்தில் இருக்கும், மேல்வீட்டில் துணி அலசினால் கீழ்வீட்டுத் தகரத்தில் தூறல் விழும், கீழ்வீட்டில் கருவாடு வறுத்தால் மேல்வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மலையைக் குடைந்து ஒரு கீழறை உண்டு. விறகும் உருளைக்கிழங்கு மூட்டையும் கால் உடைந்த நாற்காலியும் அங்கே கிடக்கும். கீழறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது, வெளிச்சம் கிடையாது, மலைதான் உண்டு. மலை மொத்தமும் அந்தச் சுவர்மேல் சாய்ந்துகொண்டு, மழைக்காலத்தில் கனத்தும் வெயில்காலத்தில் இளைத்தும் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

நல்லசிவம் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்து ஓய்ந்தவர். அவருக்கும் மரகதத்துக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளை வளைகாப்புக்கு அழைக்கிற வழக்கம் அடுக்குச்சந்தில் இல்லை. யாரும் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. மேலேயோ கீழேயோ ஒரு வீட்டில் வளைகாப்புப் பாட்டு ஆரம்பித்தால், மரகதம் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கீழறைக்கு இறங்கிப்போவாள். பின்சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். பாட்டு ஓய்ந்ததும் எழுந்து மேலே வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அன்றைக்கு மட்டும் தோசை கொஞ்சம் கருகலாக இருக்கும். நல்லசிவம் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார்.

அவள் போன பிறகு அவரும் கீழறைக்கே கட்டிலை இறக்கிக்கொண்டார். காரணம் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மரகதத்தின் இரும்பு டிரங்குப் பெட்டி. அவள் சேலைகள் அதற்குள் இருந்தன. ரசகற்பூரம், கிராம்பு, காய்ந்த மரிக்கொழுந்து, இவற்றுக்கெல்லாம் அடியில் எந்தக் கடையிலும் விற்காத அவளுடைய வாசம். காரியம் முடிந்த அன்றே அவர் பெட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். சாயங்காலம் ஆனால் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்காருவார், திறக்கமாட்டார். பாய்லர்காரருக்குத் தெரியாதா, திறந்துவிட்ட ஆவி திரும்பி வராது என்று.

சித்திரையில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில்தான் சுவரைக் கவனித்தார். தரையில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் முதுகு எட்டும் உயரத்தில், கவிழ்த்த சட்டியைப் போல ஒரு புடைப்பு. மறுநாள் காலையில் சுண்ணாம்பு பொரிப்பொரியாக உதிர்ந்து தரையில் கிடந்தது.

கொத்தனார் மிக்கேலைக் கூப்பிட்டார். மிக்கேல் வேறு யாருமல்ல, ஏணியில் அடுத்த கீழ்ப்படி, நல்லசிவத்தின் வாசலுக்கு நேர் அடியில்தான் அவன் கூரை. வந்தவன் தூக்குக்குண்டை இறக்கினான், நூலுக்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான், பிறகு புடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான், அடுத்தவன் பெண்டாட்டிமேல் கை பட்டுவிட்டதைப் போல.

"அண்ணே, சுடுது."

"வெயிலே படாத சுவருடா."

"அதத்தான நானும் சொல்றேன்." மிக்கேல் கையைச் சட்டையில் துடைத்தான். "பின்னால மண்ணுல தண்ணி கோத்திருக்கு. சுவரு வயிறு தள்ளுது. பயப்படாதீங்க. கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டுத் தண்ணிய வெளிய விடணும், மேல தோண்டி மண்ண எடுத்துட்டுச் சல்லி கொட்டணும், ரெண்டு கர்டர நிறுத்தி ஜாக்கி வச்சுக் கொஞ்சங்கொஞ்சமா உள்ள தள்ளணும். திங்கக்கெழம வந்துர்றேன்."

திங்கட்கிழமை அவன் வந்தபோது அவனுக்கு முன்னால் ரெஜினா சிஸ்டர் வந்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அந்தத் தெருவில் பாதிப் பேரை முதன்முதலில் தொட்டவள். மாவு சலிக்கும் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கதவு திறந்திருக்கக் கீழே இறங்கி, புடைப்பைப் பார்த்து, வழக்கம்போலக் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு சுவரைத் தொட்டாள், காதை வைத்தாள்.

"மூணாம் மாசம்" என்றாள், வார்டில் சொல்லும் அதே குரலில். "நல்லாத்தான் இருக்கு. கனமா எதையும் சாச்சு வைக்காதீங்கண்ணே."

மிக்கேல் உளியைப் பையில் போட்டான்.

"என்னடா?"

"மாசமா இருக்கிற வீட்டுல இடிக்கக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது. இங்க மாசமா இருக்கிறதே சுவரு. நான் எப்படிண்ணே தொட?"

"டேய், இது விழுந்தா உன் தலைமேலதான்டா விழும்."

"வீடு விழுந்தா எந்திரிச்சுக்கலாம். பாவம் விழுந்தா எந்திரிக்க முடியாது" என்றான் மிக்கேல். ஆனாலும் கீழே பிள்ளைகள் தூங்குகிற நினைப்பு அவனை விடவில்லை. மறுநாள் நான்கு சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து, அவற்றின் முனைகளில் பழைய கம்பளியைச் சுற்றி, சுவருக்கு முட்டுக் கொடுத்தான். "இது ரிப்பேரு இல்ல. தலகாணி. வயித்துப்பிள்ளக்காரி ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறது" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னான்.

அடுக்குச்சந்து இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் எங்கோ ஒரு சுவர் மாசமாகும் என்றால் அது ஏன் தங்கள் தெருவில் ஆகக்கூடாது என்பதுபோலத் தங்கள் பாட்டைப் பார்த்தார்கள். கிரகணத்தன்று கீழறை ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டார்கள். மேல்வீட்டில் உரல் இடிக்கும் வேலையைத் தெருக்கோடிக்கு மாற்றினார்கள். மசக்கைக்காரி சுவரைச் சுரண்டித் தின்பாள், மசக்கைச் சுவர் எதைத் தின்னும் என்று பால்கார கௌசல்யா யோசித்து, மாங்காய்க் கீற்றும் புளி உருண்டையும் கொண்டுவந்து சுவரடியில் வைத்தாள். காலையில் பார்த்தால் காணோம். எலியாகவும் இருக்கலாம்.

டீக்கடையில் நல்லசிவத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன பாய்லரண்ணே, இந்த வயசுலயா?"

"என்னய ஏன் கேக்குறீங்க, மலையப் போய்க் கேளுங்க" என்பார் அவர். தெரு முழுக்கச் சிரிக்கும், அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய்க் காட்ட ஆளில்லாமல் அது முகத்திலேயே கொஞ்சநேரம் நின்று காய்ந்துபோகும். எல்லாரும் சுவரைப் பார்க்க வந்தார்கள், சுவரிடம் பேசினார்கள், சுவருக்குப் போர்த்திவிட்டார்கள். அவர் கட்டிலில் ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். பெட்டியின்மேல் யாராவது உட்காரப் போனால் மட்டும் "அதுல வேண்டாம்மா" என்பார்.

ஆவணியில் கௌசல்யா வந்து வாசலில் நின்றாள். எதிர்ப்படிக்கட்டில் மாடு கட்டியிருப்பவள், தெருவில் எந்த வீட்டு வளைகாப்புக்கும் முதல் வளையல் அவள் கைதான்.

"அண்ணே, ஏழாம் மாசம். வளைகாப்புச் செய்யணும்."

"யாருக்கு?"

"என்னண்ணே தெரியாத மாதிரி. மதினிக்குத்தான்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சுவருக்குத்தான்" என்று திருத்திக்கொண்டாள், ஆனால் திருத்தம் ஒட்டவில்லை.

மரகதத்தை ஒருநாளும் அழைக்காத வீடுகளின் பெண்களெல்லாம், புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குகளில் எடுத்துக்கொண்டு, மரகதத்தின் வீட்டுக்குள் வரிசையாக இறங்கிப்போனார்கள். ஆணுக்கு அங்கே இடமில்லை என்பதால் நல்லசிவம் மேல்படியில் உட்கார்ந்தார். ரெஜினா சிஸ்டரும் அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள், எல்லாப் பிரசவத்துக்கும் அவள் வேண்டும், எந்த வளைகாப்புக்கும் அவளை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை.

கீழே பாட்டு ஆரம்பித்தது. சந்தனத்தைக் குழைத்துச் சுவரின் வயிற்றில் பூசி, ஈரம் காயுமுன் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை அதில் பதித்தார்கள். ஆணி அடிக்கக் கூடாதல்லவா.

"இந்தப் பாட்டு மதினிக்கு நல்லா வரும்ணே" என்றாள் ரெஜினா மெதுவாக.

"எந்தப் பாட்டு?"

"இப்பப் பாடுறாங்களே, இதுதான். ஒருதடவ மேல்வீட்டு வளைகாப்பு அன்னிக்கு ஆள் இருக்காங்களான்னு பாக்க வந்தேன். கீழ சுவத்துல சாஞ்சுக்கிட்டு, மேல பாடுறதுக்கு ஒட்டினாப்புல வாய்க்குள்ளயே பாடிக்கிட்டிருந்தா. என்னயப் பாத்ததும் நிறுத்திட்டா. உங்ககிட்ட பாடிக் காட்டினதில்லையா?"

நல்லசிவம் கீழே எட்டிப் பார்த்தார். அத்தனை வருஷம் கூட இருந்த வீட்டில், சுவருக்குக் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. அவள் கீழேயிருந்து கேட்டதை அவர் இப்போது மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், வார்த்தைகள் படியேறி வருவதற்குள் உடைந்து வெறும் இழுவையாக வந்தன.

"சிஸ்டர்!" கீழேயிருந்து கௌசல்யாவின் குரல். "அங்கென்ன உக்காந்துக்கிட்டு? வந்து ஒரு வளையலப் போடுங்க."

ரெஜினா தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போனாள். படியில் அவர் மட்டும் இருந்தார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் அப்படியே சரிந்து ரோட்டுக்கு வந்து நின்றன. மலை தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்தது. ஒரு மத்தியானம், நல்லசிவம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கீழறையில் வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தார். சுவர் கொதித்தது. வயிறு முட்டுக்கட்டைகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்திருந்தது. கட்டைகள் முனகின, ஒவ்வொரு முனகலுக்கும் வளையல்கள் கலகலவென்று ஆடின. தரையில் ஓடிய அந்த நடுக்கம் எதுவென்று அவர் உள்ளங்கால் அறியும், அழுத்த முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பாய்லருக்கு முன்னால் நிற்கும்போது வருகிற நடுக்கம்.

"மிக்கேலு!" வாசலில் நின்று கீழே பார்த்துக் கத்தினார். "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெளிய வாடா!"

மிக்கேலின் பெண்டாட்டி பிள்ளைகளைச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். மிக்கேல் நேரே மேலே ஏறி வந்தான். ரெஜினா நனைந்துகொண்டே வந்தாள், கையைத் தேய்த்தாள், தொட்டாள். "வலி எடுத்திருச்சு. எல்லாத்தையும் தெறக்கச் சொல்லுங்க."

பிரசவ வீட்டில் மூடியது எதுவும் இருக்கக்கூடாது, கட்டியது எதுவும் இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் பிள்ளை தடைப்படும். சொல் ஏணியில் மேலும் கீழுமாக ஓடியது. கதவுகளைத் திறந்தார்கள், அலமாரிகளைத் திறந்தார்கள், ஊறுகாய்ச் சாடிகளின் வேட்டுத் துணியை அவிழ்த்தார்கள், பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். டீக்கடையில் பிஸ்கட் பாட்டில்கள் வாயைப் பிளந்து நின்றன. மாரியம்மன் கோயில் உண்டியலைப் பூசாரி திறந்தார், ரேஷன் கடைக்காரர் பூட்டை எடுத்துவிட்டு மழையில் நின்றார், கௌசல்யா தும்பை அவிழ்த்துவிட, மாடுகள் ஒன்றும் புரியாமல் படிக்கட்டில் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு தெரு முழுக்கத் திறந்து கிடந்தது, எல்லா வீட்டுக்குள்ளும் மழைச்சத்தம் புகுந்து வெளியே போயிற்று.

மிக்கேல் உளியைக் கையில் எடுத்தான். "சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடியில ஓட்ட போட்டா அது இடிக்கிறதா, தெறக்கிறதா?"

"தெறக்கிறது."

"அப்ப சரி." நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு சுவரின் காலடியில் மண்டியிட்டான். ஓர் ஓட்டை, இன்னொரு ஓட்டை, மூன்றாவது. உளி முழுசாக அந்தப்பக்கம் போய் மண்ணைத் தொட்டது. ஒரு சொட்டு வரவில்லை. சுவர் இன்னும் உப்பியது. ஒரு முட்டுக்கட்டை நடுவே கீறியது.

"எங்கயோ இன்னும் ஒண்ணு மூடியிருக்கு" என்றாள் ரெஜினா.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லசிவம் யாரையும் பார்க்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் போனார், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார், மார்போடு அணைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார். வீடு போனால் போகட்டும், இதோடு எங்காவது ஒரு வராந்தாவில் படுத்துக்கொள்ளலாம் என்பது மட்டுமே அவருக்குள் ஓடியது.

"அண்ணே, அது பூட்டியிருக்கா?" என்றாள் ரெஜினா.

"அது துணிப்பெட்டிம்மா."

"பூட்டியிருக்கான்னு கேட்டேன்."

"தெறந்தா போயிரும், சிஸ்டர்."

"என்ன போயிரும்?"

அவர் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பின்னால் இரண்டாவது கட்டை கீறியது. மிக்கேல் வெறும் தோளைச் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, "ஆத்தா, கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க" என்று சுவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. கீழே அவன் வீடு.

நல்லசிவம் பெட்டியைத் தரையில் வைத்தார். அரைஞாணில் இருந்த முடிச்சு பத்து மாத வியர்வையில் இறுகிக் கல்லாகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவி திரும்பியது. மூடியைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

வாசம் எழுந்தது. ஈரத் துணியும் மண்ணும் வியர்வையுமாய் நெரிந்துகிடந்த அந்த அறைக்குள் ரசகற்பூரம் வந்தது, கிராம்பு வந்தது, மரிக்கொழுந்து வந்தது, அப்புறம் அவள் வந்தாள். ஒவ்வொருவரையாகத் தாண்டிப்போவதுபோல வாசம் போயிற்று. அது தன்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவிழ்த்த கூந்தலோடு நின்ற கௌசல்யா, "மதினி" என்று சொல்லிக் கையை நீட்டினாள், காற்றில்.

சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. முதல் வளையல் கழன்று விழுந்தது. மிக்கேல் போட்ட ஓட்டைகளில் காற்றும் தண்ணீரும் முட்டிமோதி, வீறிட்ட சத்தம் ஒன்று கேட்டது. கடிகாரம் கட்டுவதை எப்போதோ விட்டுவிட்ட ரெஜினா, பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். தண்ணீர் முதலில் செம்மண்ணாய் வந்தது, பிறகு பால்போலக் கலங்கி வந்தது, சாயங்காலத்துக்குள் தெளிந்து கண்ணாடியாய் வந்தது. சுவர் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே போகப்போக, வளையல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்ணீரோடு கீழறையின் முன்மடை வழியாகத் தெருவுக்குப் போயின.

முப்பது நாள் கழிந்து பிரசவத் தீட்டு நீங்கிய பிறகு மிக்கேல் வந்து முறையாக வேலையைச் செய்தான். மேலே தோண்டிச் சல்லி கொட்டினான், கர்டர் நிறுத்தினான், ஓட்டைகளில் குழாய் செருகி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருவுக்கு விட்டான். தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தான். நூலும் சுவரும் ஒன்றாக நின்றன. கையை வைத்தான், சுவர் குளிர்ந்திருந்தது. "அவ்வளவுதான்ணே, இனி இது வெறும் சுவரு" என்றான்.

குழாயில் எப்போதாவது தண்ணீர் வரும் தெரு அது. இப்போது குடங்கள் நல்லசிவத்தின் வாசலில் வரிசை கட்டின. பாய்லர்காரர் வீடு என்ற பேர் போய் மரகதம் வீடு என்ற பேர் வந்தது. அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் லேசாகக் கிராம்பு வாசம் வருகிறது என்றாள் மிக்கேலின் பெண்டாட்டி. மாட்டுக்குக் காட்டினால் பாலில் மரிக்கொழுந்து வாசம் என்றாள் கௌசல்யா. தெருவில் எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

நல்லசிவம் கையில் ஏந்தி முகர்ந்தார். செம்பில் பிடித்து முகர்ந்தார். சேலைகளை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். துணி வாசம்தான் வந்தது. பெட்டியின் மூடியை அதற்குப் பிறகு அவர் மூடவில்லை, மூடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

ஒருநாள் குடத்தோடு வந்த ரெஜினாவிடம் கேட்டார். "எனக்கு மட்டும் ஏன்மா தெரியல?"

"அவங்கவங்க வீட்டு வாசம் அவங்கவங்களுக்குத் தெரியாதுண்ணே. வெளியாளுக்குத்தான் தெரியும்."

"அப்ப இங்கதான் இருக்காங்கிறியா?"

ரெஜினா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். நிறைகுடம் என்பதால் மெதுவாகத்தான் படியிறங்க முடிந்தது.

மாசியில் மேல்வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. கௌசல்யா வாசலில் நின்று, "அண்ணே, ஆம்பளைங்களுக்குப் பந்தி வெளிய போட்டிருக்கு, வாங்க" என்று கூப்பிட்டுப் போனாள். அவர் வருகிறேன் என்றார். பாட்டு ஆரம்பித்தது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழறைக்கு இறங்கினார், தரையில் உட்கார்ந்து பின்சுவரில் முதுகைச் சாய்த்தார். நூலுக்கு நேரான சுவர், ஆனால் அந்த ஓர் இடத்தில், தூக்குக்குண்டுக்கும் மிக்கேலுக்கும் தட்டுப்படாத அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அவருடையதைவிடக் குறுகலான முதுகுக்கு அமைந்த பள்ளம். தோளைக் குறுக்கிக்கொண்டால் உட்கார முடிந்தது.

அன்று படியேறி வருவதற்குள் உடைந்துபோன வார்த்தைகள், சுவரில் சாய்ந்தால் உடையாமல் வந்தன. அவருக்குப் பாட்டுத் தெரியாது. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாட்டு ஓய்ந்ததும் எழுந்து மேலே போனார். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். முதல் தோசை கருகியது. அதை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.